பாட்டுக்குள் மறைந்துபோன நடிகர் பி. ராம்லி



சில வாரங்களுக்கு முன்பு ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து, நாலைந்து பேராக ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சம்பளப் பேச்சு ஓய்ந்து சினிமாப் பேச்சு வந்தது. நம் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சினிமா வராமல் இருக்குமா? நடிப்பு என்றால் யார் என்று ஒரு வாக்குவாதம். இளைஞர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அந்தக் காலத்தில் பால் வெட்டியவர், மெதுவாக பி. ராம்லி பெயரைச் சொன்னார். பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் பாட்டுக்காரர் ஆச்சே, கோமாளித்தனம் பண்ணி சிரிக்க வைப்பவர் ஆச்சே, அவரைப் போய் பெரிய நடிகர் வரிசையில் வைக்கலாமா என்பது அவர்கள் வாதம். பெரியவர் பதில் பேசவில்லை. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெரியவர் சொன்னது சரி என்பது நம் கட்சி. ஏன் சரி என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறோம்.

நடிப்பு நல்ல நடிப்பா இல்லையா என்று தெரிந்துகொள்ள நமக்கு ஒரு கணக்கு உண்டு. படித்துக் கற்ற கணக்கு அல்ல, ஒரு பாட்டியிடம் கற்றது. நாம் தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி பெட்டி. கார் பேட்டரியில் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் பெட்டி. விடுமுறை நாளில் ராம்லி படம் போட்டால் வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பாட்டிக்கு மலாய் என்றால் சந்தையில் மீன் விலை கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். படத்தில் பேசுவது பாதிக்கு மேல் புரியாது. ஆனால் ராம்லி அழுதால் பாட்டி அழும். ராம்லி ஏமாந்தால் பாட்டி திரையைப் பார்த்துத் திட்டும். வசனம் புரியாத ஒருவரை அழ வைப்பவன் வசனத்தை நம்பி நடிக்கவில்லை, உடம்பை நம்பி நடிக்கிறான். இதுதான் நம் கணக்கு.

பினாங்கில் பிறந்த பிள்ளை

1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர் ராம்லி. பெற்றோர் வைத்த பெயர் தெயுக்கு ஸக்கரியா. தகப்பனார் தெயுக்கு ஞாக் புத்தே, அச்சே நாட்டிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் செபராங் பிறைப் பக்கத்துப் பெண். தகப்பன் பெயரில் உள்ள புத்தே என்பதுதான் பிற்காலத்தில் பி என்ற முதல் எழுத்தாக ராம்லிக்கு முன்னால் நின்றது. ஆக, கடலில் உழைத்துச் சம்பாதித்த ஒரு கூலிக்காரரின் பிள்ளை அவர். வசதியான வீட்டில் பிறந்து, பொழுதுபோக்காகக் கலைக்கு வந்தவர் அல்ல.

பினாங்கில் மலாய்ப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் படித்தார். இடையில் ஜப்பான்காரன் வந்தான். படிப்பு தடைப்பட்டது. ஜப்பானியர் நடத்திய பள்ளியில் கொஞ்ச காலம். அந்தக் கஷ்ட காலத்தை நம் தாத்தா பாட்டிமார் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கடத்தினார்கள், சயாம் ரயில் பாதைக்கு ஆளைப் பறிகொடுத்தார்கள். அந்தச் சிறுவன் அதே காலத்தில் பாட்டைப் பிடித்துக்கொண்டான். உக்குலேலே, கிட்டார், வயலின் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாசிக்கக் கற்றான். யுத்தம் முடிந்ததும் பாட்டுப் போட்டிகளில் பெயர் வாங்கினான்.

1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா. அங்கே ராம்லி பாடுவதைக் கேட்டார் பி. எஸ். ராஜான்ஸ். இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த டைரக்டர் அவர். பையனைச் சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். பத்தொன்பது வயதில் ராம்லி ரயில் ஏறினார்.

ஜாலான் அம்பாஸ் லயம்

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்ற சின்னச் சாலையில் இருந்தது ஷா சகோதரர்களின் மலாய்ப் படக் கம்பெனி. அந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நமக்குத் தோட்டம்தான் ஞாபகம் வரும். நடிகர், பாடகர், தச்சர், விளக்குப் பிடிப்பவர் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். குடியிருக்கக் கம்பெனி கட்டிய வீடுகள். காலையில் வேலைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும். இன்றைக்குக் கதாநாயகன், நாளைக்குக் கூட்டத்தில் ஒருவன். பெயர் நட்சத்திரம், பிழைப்பு என்னவோ நம்முடைய பிழைப்பு மாதிரிதான்!

அங்கே ராம்லி போனவுடன் கதாநாயகன் ஆகிவிடவில்லை. முதலில் மற்றவர்களுக்குப் பின்னணி பாடினார். 1948-இல் வந்த சிந்தா படத்தில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். முகத்தில் பருத் தழும்பு. ஒல்லி உடம்பு. அந்தக் காலத்துக் கதாநாயகனுக்கு வேண்டிய மினுமினுப்பு அவரிடம் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடியைப் பார்த்து மனம் விட்டுப் போயிருக்க வேண்டிய ஆள்தான். ஆனால் கம்பெனிக்குள் இருந்துகொண்டே கண்ணையும் காதையும் திறந்து வைத்து வேலை கற்றார்.

கற்றுக் கொடுத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1950-இல் பக்தி என்ற படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். எஸ். ராமநாதன், பி. என். ராவ், வங்காளத்துப் பாணி மஜும்தார் ஆகியோரும் அவரை வைத்துப் படம் எடுத்தார்கள். மலாய்க்காரர் நடிக்க, இந்தியர் டைரக்ட் செய்ய, சீனர் முதல் போட உருவானது அந்தப் படவுலகம். இந்த நாட்டில் மூன்று இனமும் சேர்ந்து செய்த காரியங்களைக் கணக்கெடுத்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அன்றைய நடிப்பில் ஒரு குறையும் இருந்தது. பங்சாவான் மேடை நாடகத்தின் பழக்கம் திரைக்கும் வந்தது. நம் ஊர்க் கூத்தும் நாடகமும் போலத்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டுமே என்று கத்திப் பேசுவார்கள், கையை அகல வீசுவார்கள். மேடைக்கு அது சரி. கேமரா முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கும்போது அது பொய்யாகத் தெரியும். இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டவர் ராம்லி. குரலை இறக்கினார். கையைச் சுருக்கினார். எதிராளி பேசும்போது காதுகொடுத்துக் கேட்டார். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகனுக்கும், எதிராளி சொல்வதை நிஜமாகவே கேட்கிற நடிகனுக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவர் மனசுக்குத் தெரிந்துவிடும். என்ன என்று சொல்லத் தெரியாது, ஆனால் தெரிந்துவிடும்.

பெச்சா மிதித்தவர்

1955-இல் ராம்லி முதல் தடவையாகத் தாமே டைரக்ட் செய்தார். அவருக்கு அப்போது 26 வயது. ராஜா கதையா? பேய்க் கதையா? இல்லை. பெனாரிக் பெச்சா. பெச்சா மிதிக்கும் ஓர் ஏழைத் தொழிலாளியின் கதை! அம்ரான் என்ற அந்தப் பெச்சாக்காரனாக அவரே நடித்தார். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியை ரவுடிகளிடமிருந்து காப்பாற்றுகிறான் அம்ரான். அந்தப் பெண்ணின் அப்பனோ ஏழையைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆசாமி. கதை இவ்வளவுதான். இந்த மாதிரிக் கதை நம் தமிழ்ப் படங்களிலும் ஆயிரம் உண்டு.

கதையை விடுங்கள், அந்த உடம்பைப் பாருங்கள். ஏழை வேடம் போடுகிற நடிகர்கள் பலர் சட்டையைக் கிழித்துக்கொண்டால் ஏழை ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். கிழிந்த சட்டைக்குள் நிமிர்ந்த முதுகும் பளபளத்த கையும் இருக்கும். உழைக்கிறவனின் அடையாளம் சட்டையில் இல்லை, நடையில் இருக்கிறது. முப்பது வருஷம் காண்டா சுமந்தவர் வெறுங்கையோடு நடந்தாலும் ஒரு தோள் இறங்கியிருக்கும். இது நமக்குத் தெரியும், நாம் தினமும் பார்க்கிறோம். அம்ரானைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வருகிறது. பணக்காரர் முன்னால் நிற்கும்போது அவன் பயந்து நடுங்கவும் இல்லை, வீர வசனம் பேசவும் இல்லை. பதில் சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் அடக்கிக்கொள்கிறவனின் முகம் அது. துரை ஆபீஸ் வாசலில் நின்ற எத்தனையோ பேரிடம் நாம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறோம்.

அப்பனும் அவரே, மகனும் அவரே

1956-இல் ஹாங் துவா வந்தது. வர்ணப்படம், பெரிய செலவு, ராம்லி கதாநாயகன். அதன் இசைக்காக அவருக்கு ஆசியத் திரைப்பட விழாவில் பரிசும் கிடைத்தது. அதே ஆண்டில் வந்தது அனாக்கு சசாலி. இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

ஹசான் ஓர் இசைக் கலைஞன். பிரசவத்தில் மனைவி இறந்துவிடுகிறாள். தாயில்லாப் பிள்ளை என்று மகன் சசாலிக்குக் கேட்டதை எல்லாம் கொடுத்து வளர்க்கிறான். யார் வந்து குறை சொன்னாலும் நம்ப மாட்டான். பிள்ளை வளர்ந்து திருடனாகிறான், ரவுடியாகிறான். கடைசியில் போலீசுக்குப் பயந்து அப்பனிடமே வந்து ஒளிகிறான். அந்த அப்பனே போலீசுக்குத் தகவல் சொல்கிறான்.

அப்பனாகவும் வளர்ந்த மகனாகவும் இரண்டு வேடத்திலும் ராம்லி. அப்போது அவருக்கு வயது 27. இரட்டை வேடம் என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? ஒருவருக்கு மீசை, மற்றவருக்கு மீசை இல்லை. ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர். அவ்வளவுதான். இந்தப் படத்தில் நரைத்த தலைமுடியை மட்டும் நம்பி அவர் கிழவராகவில்லை. கிழவர் நாற்காலியில் உட்காரும்போது முதலில் கை நாற்காலியைத் தேடுகிறது, அப்புறம்தான் உடம்பு இறங்குகிறது. மகனோ எங்கேயும் முழுசாக உட்காருவது கிடையாது. எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிறவனின் உடம்பு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அப்பனும் மகனும் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் எதிரே நிஜமாக யாரும் இல்லை. அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சியைப் பிரித்துப் பிரித்துத்தான் எடுப்பார்கள். முதலில் ஒரு வேடம், பிறகு உடை மாற்றி மற்ற வேடம். முன்பு தான் எவ்வளவு கோபமாகப் பேசினோம், எங்கே நிறுத்தினோம் என்பதை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, வெறும் காற்றைப் பார்த்து அழ வேண்டும். காற்றைப் பார்த்து அழுத அந்த அழுகை நம்மை அழ வைக்கிறது என்றால் அது சாதாரண வேலையா?

1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழா இந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகர் பரிசைக் கொடுத்தது. இந்த நாட்டுக் கூலிக்காரர் மகன் ஒருவர் ஆசியாவின் சிறந்த நடிகரானார்.

முன்பு சொன்ன பாட்டிக்கு வருவோம். பாட்டிக்கும் ஒரே மகன். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனவன், கூடாத சேர்க்கையில் விழுந்து, போலீஸ் தேடும் ஆளாகிவிட்டான். லயத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பாட்டி முன்னால் பேச மாட்டோம். அனாக்கு சசாலி ஓடிய அன்று, அப்பன் போலீசுக்குச் சொல்லும் கட்டம் வந்தபோது பாட்டி சத்தம் போடவில்லை. திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் எழவில்லை. நம் அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையைப் பற்றி பாட்டி முதன்முதலாக வாய்விட்டுப் பேசியது அந்த ராத்திரியில்தான் என்று அம்மா பிற்பாடு சொன்னார். தோக்கியோவில் கொடுத்த பரிசு பெரிதுதான். நம் மனசில் அதற்குப் பக்கத்திலேயே பாட்டியின் அந்த ராத்திரியும் இருக்கிறது.

சிரிப்புக்குள் ஒளிந்த வேலை

அதே 1957-இல் வந்தது புஜாங் லாப்போக். கல்யாணம் ஆகாத, கையில் காசில்லாத மூன்று ஆண்பிள்ளைகள். ராம்லி, எஸ். சம்சுடின், அசிஸ் சத்தார். படம் சக்கைப்போடு போட்டது. பிறகு பெண்டேகார் புஜாங் லாப்போக், அலிபாபா புஜாங் லாப்போக், செனிமான் புஜாங் லாப்போக் என்று வரிசையாக வந்தன. 1959-இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பெண்டேகார் படம் சிறந்த நகைச்சுவைப் படமாகப் பரிசு பெற்றது.

ஒட்டுக்கடையில் நம் பையன்கள் கோமாளித்தனம் என்று சொன்னது இந்தப் படங்களைத்தான். சிரிக்க வைப்பவனை நாம் நடிகன் என்று மதிப்பதில்லை. அழ வைத்தால்தான் நடிப்பு என்று ஓர் எண்ணம். ஆனால் இந்தப் படங்களில் ராம்லி செய்ததை உற்றுப் பாருங்கள். கதை அவருடையது, டைரக்‌ஷன் அவருடையது, பாட்டு அவருடையது. நினைத்தால் எல்லாச் சிரிப்பையும் தானே வாரிக் கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தாரா? நல்ல நல்ல கட்டங்களை மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்று திகைக்கிறார், முழிக்கிறார். அந்த முழி இல்லாவிட்டால் அவர்கள் சொன்னது பாதிதான் சிரிப்பு. கபடியில் பாடிப் போகிறவனைத்தான் ஊர் பார்க்கும், பின்னால் காலைப் பிடித்து மடக்குகிறவனை யார் பார்க்கிறார்கள்?

பெண்டேகார் படத்தில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு ஒன்று வரும். வளர்ந்த ஆம்பிளைகள் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவார்கள். கூட்டிய எழுத்து ஒன்று, வாயில் வருகிற சொல் வேறொன்று. தோட்டத்தில் ராப்பள்ளிக்கூடம் நடந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்தக் கட்டம் இன்னும் நெருக்கமாக இருக்கும். அதில் படிக்காதவனைக் கேலி செய்யவில்லை. படிக்க ஆசைப்பட்டு வெட்கப்படுகிறவனைக் காட்டிச் சிரிக்க வைத்தார். இரண்டுக்கும் நிறைய தூரம்.

1961-இல் வந்த செனிமான் புஜாங் லாப்போக்கில் இந்த மூவரும் நடிகர்களாக வேலை கேட்டு ஜாலான் அம்பாஸ் கம்பெனிக்கே போகிறார்கள். அங்கே வசனம் சொல்லத் தெரியாமல் உளறி டைரக்டரைப் பைத்தியம் பிடிக்க வைக்கிறார்கள். மோசமாக நடிப்பது போல நன்றாக நடிப்பது இருக்கிறதே, அது ரொம்பக் கஷ்டம். தாளம் தெரிந்தவன்தான் தாளம் தப்பி ஆடிச் சிரிக்க வைக்க முடியும்.

கொடி பிடித்த கலைஞர்கள்

நாடு மெர்டேகா அடைந்த அந்த 1957-ஆம் ஆண்டில் ஜாலான் அம்பாஸில் இன்னொரு காரியமும் நடந்தது. நம் பகுதியில் அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கலைஞர்கள் பெர்சாமா என்ற பெயரில் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைமைப் பொறுப்பில் ராம்லி இருந்தார். சம்பளம் கூடக் கேட்ட விவகாரத்தில் ஐந்து பேரைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கியது. அதைக் கண்டித்துக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில வாரங்கள் கேமரா ஓடவில்லை. நட்சத்திரங்கள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள்.

அவர் நம்மைப் போன்ற முழுநேரச் சங்கத்துக்காரர் அல்ல. ஆனால் கம்பெனிக்கு வருமானம் கொண்டுவந்த முதல் நட்சத்திரம் அவர். தனக்கு மட்டும் நல்லது பேசி முடித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். விளக்குப் பிடித்தவனும் தச்சு வேலை செய்தவனும் தன் கூட்டாளி என்று நினைக்கிற மனசு இருந்ததால்தான் சங்கத்தில் இருந்தார். பெச்சாக்காரன் வேடம் அவருக்கு ஏன் அப்படிப் பொருந்தியது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

கண்ணில்லாதவரின் காது

1962-இல் வந்த இபு மெர்துவாக்கு படத்தை நம் தாய்மார்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சக்சபோன் வாசிக்கும் காசிம் செலாமாட், பணக்காரி மகளைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறான். ஏழைப் பாட்டுக்காரன் மருமகனா என்று மாமியாருக்கு ஆத்திரம். மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டவள், அவள் செத்துவிட்டதாக மருமகனிடம் பொய் சொல்லிவிடுகிறாள். அழுது அழுது அவனுக்குக் கண் போகிறது. பிறகு பார்வை திரும்புகிறது. திரும்பிய பிறகுதான் தனக்கு வைத்தியம் செய்த டாக்டரின் மனைவியே தன் மனைவி என்று தெரிகிறது. முள்கரண்டியால் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். கேட்டால் நம்ப முடியாத கதைதான். ஆனால் பார்க்கும்போது யாரும் சிரித்ததில்லை.

காரணம், குருடனாக அவர் இருந்த விதம். பல நடிகர்கள் கண்ணை மேலே செருகிக்கொண்டு கையை முன்னால் நீட்டினால் குருடன் என்பார்கள். ராம்லி காதால் நடித்தார். யாராவது பேசினால் முகம் திரும்புவதற்கு முன்னால் காது திரும்பும். சக்சபோன் கைக்கு வந்ததும் அந்தத் தடுமாற்றம் போய்விடும். தொழில் தெரிந்த கைக்குக் கண் தேவையில்லை. இருட்டில் பால் வெட்டுக்குப் போய், பட்டையில் கத்தி எந்த ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்று விரலால் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1963-இல் தோக்கியோவில் ஆசியத் திரைப்பட விழா அவருக்குப் பன்முகத் திறமைக்கான விருதைக் கொடுத்தது.

பாட்டு அவருக்குப் பெரிய சொத்து, அதுவே அவருடைய நடிப்பை மறைத்த திரையும் ஆனது. 200-க்கும் மேற்பட்ட பாட்டுகள் அவர் பெயரில் இருக்கின்றன. படம் மறந்தாலும் பாட்டு வானொலியில் வந்துகொண்டே இருந்தது. காதில் விழுந்தது மனசில் தங்கியது. கண்ணால் பார்க்க வேண்டியது மறந்து போனது.

கடைசிக் காலம்

1964-இல் ராம்லி கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிளாங்கில் இருந்த மெர்டேகா ஸ்டூடியோவில் வேலை. ஜாலான் அம்பாஸ் மாதிரி தேர்ந்த ஆட்களும் சாதனங்களும் இங்கே இல்லை. 1963 கடைசியில் நாட்டுக்கு டிவி வந்துவிட்டது. இந்தோனேசியாவோடு ஏற்பட்ட தகராறில் அங்கே படம் விற்கிற வழியும் அடைபட்டது. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வர்ணப்படங்கள் வந்து குவிந்தன. இவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். 1967-இல் ஜாலான் அம்பாஸ் கம்பெனியும் மூடப்பட்டது. கூட்டம் குறைந்தது. இவருடைய காலம் முடிந்தது என்று பேசினார்கள். 1972-இல் வந்த லக்சமானா டோ ரே மி அவருடைய கடைசிப் படமானது. அதற்குப் பிறகு அவரை வைத்துப் படம் எடுக்க ஆள் வரவில்லை.

1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். வயது 44. அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்த மனிதர் கையில் காசில்லாமல் போனார். ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையத்துக்கொல்லையில் அடக்கம் செய்தார்கள். பாடகி சலோமா, அவருடைய மனைவி, பத்து வருஷம் கழித்து 1983-இல் காலமானார்.

மரியாதை எல்லாம் அப்புறம் வந்தது. 1982-இல் கோலாலம்பூரில் ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1986-இல் செத்தாப்பாக்கில் அவர் குடியிருந்த வீடு நினைவகமானது. 1990-இல் தான் ஸ்ரீ பட்டம். எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 1972-இல் ஒரே ஒரு படம் கையில் கிடைத்திருந்தால் அந்த மனிதர் இவற்றைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருப்பார்.

நம் கணக்கும் ஒன்று இருக்கிறது

இதை எழுதும்போது நமக்குள்ளே உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டுக்கடையில் எழுந்து போனாரே ஒரு பெரியவர், அவர் யார் தெரியுமா? மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் அரிச்சந்திரன் வேடம் கட்டியவர். சிறுவனாக இருந்த காலத்தில், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய ராம்லி படங்களைப் பார்த்து, குரலை எங்கே இறக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதாக நம்மிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் கடைசியாக வேடம் கட்டிய ராத்திரி நமக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் ஒரு வீட்டில் வீடியோப் படம் போட்டார்கள். சுடுகாட்டுக் கட்டத்துக்கு முன்பே திடலில் இருந்த கூட்டம் எழுந்து போய்விட்டது. போனவர்களில் பத்து வயதுப் பையனாக நாமும் இருந்தோம். ஏழெட்டுப் பேருக்கு முன்னால் அவர் விடியும் வரைக்கும் ஆடி முடித்தாராம். மறுநாள் பெரட்டுக்கு வழக்கம்போல வந்து நின்றார். அதற்குப் பிறகு வேடம் கட்டவில்லை. நாமும் கேட்கவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். அந்த ராத்திரி எழுந்து போனதைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டார், பையன்கள் அப்படித்தான் என்றார். பிறகு பெனாரிக் பெச்சா பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பேசும்போது எழுந்து நின்று, பெச்சாவை விட்டு இறங்குகிறவன் காலை எப்படி வைப்பான் என்று காட்டினார். எண்பதை நெருங்குகிற அந்த உடம்பில் அம்ரான் வந்து நின்றான்.

வருகிற திருவிழாவில் அவரைச் சுடுகாட்டுக் கட்டம் ஒன்றையாவது நடித்துக் காட்டும்படி கிளைத் தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சம்மதித்தால், அன்றைக்குக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்ப்பது நம் பொறுப்பு. உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கூத்துக் கட்டியவர், உறுமி அடித்தவர், கும்மி சொல்லிக் கொடுத்த பாட்டி. அவர்கள் வீட்டு வாசலுக்கு இந்த வாரமே ஒரு நடை போய் வாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.